பிரேசிங் செய்த தகடு-ஃபின் கோர்: 620 டிகிரியில் 40,000 மணி நேரம் தாங்குமா?

பேட்டை_பட்டறை (திருநெல்வேலி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பேட்டையில் சித்தப்பாவின் பட்டறையில் வடிவமைப்பு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். படித்தது இயந்திரவியல். உலோகவியல் என்பது தேர்வுக்கு முந்தைய இரவு படித்ததோடு சரி. அரிசி ஆலைகளுக்கான உலர்த்திகள், கொதிகலன் புகைக்குழாய்கள், எவர்சில்வர் தொட்டிகள் ஆகியவைதான் எங்கள் வழக்கமான வேலை.

இப்போது வெளியூர் நிறுவனம் ஒன்று புதிதாக ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறது. சாண எரிவாயுவில் ஓடும் சிறிய டர்பைன் ஒன்றை உருவாக்குகிறார்களாம். டர்பைனிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தை வாங்கி, கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றுக்குக் கொடுக்கும் ரெக்குபரேட்டர் அதற்குத் தேவை. தகடு-ஃபின் வகை: தட்டைத் தகடுகளை அடுக்கி, இடையிடையே மடித்த மெல்லிய ஃபின்களை வைத்து, பிரேசிங்கால் (எஃகை உருக்காமல், இடையில் வேறொரு கலவையை உருக்கி ஒட்டுவது) ஒரே கோராக்க வேண்டும். புகை உள்ளே நுழையும்போது 620 டிகிரி செல்சியஸ், அழுத்தம் ஏறக்குறைய வளிமண்டல அளவு. காற்றுப் பக்கம் 4 பார். ஆயுள் 40,000 மணி நேரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பகலில் மட்டும் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள்.

நான் போட்ட கணக்கு இதுதான். ஃபின் தடிமன் 0.15 மி.மீ., ஃபின்களுக்கு இடையிலான தூரம் மையத்துக்கு மையம் 1.5 மி.மீ., அதாவது இடைவெளி 1.35 மி.மீ. காற்றின் அழுத்தம் இரண்டு தகடுகளையும் விலக்கித் தள்ளுகிறது, ஃபின்கள் இழுத்துப் பிடிக்கின்றன. 0.4 மெகாபாஸ்கலை 1.35-ஆல் பெருக்கி 0.15-ஆல் வகுத்தால் ஃபினில் விழும் தகைவு (ஒரு சதுர மில்லிமீட்டருக்கான விசை) 3.6 மெகாபாஸ்கல்தான். காற்றையும் புகையையும் பிரிக்கும் நடுத்தகடு 0.5 மி.மீ.; அதன் வளைவுத் தகைவு 1.5-ஐக்கூடத் தாண்டவில்லை. 304 எனும் எவர்சில்வர் எஃகுக்கு 620 டிகிரியில் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) அட்டவணை ஏறக்குறைய 53 மெகாபாஸ்கல் வரை அனுமதிக்கிறது. அதாவது பதினைந்து மடங்கு இடைவெளி இருக்கிறது.

ஆனால் இணையத்தில் எங்கே தேடினாலும் இந்த வகைக் கோர்கள் க்ரீப்பினால் (சூட்டில் நெடுநேரம் சுமை தாங்கும் உலோகம் மெல்ல மெல்ல நீள்வது) விரிசல் விடுவதாகவே படிக்கிறேன். பதினைந்து மடங்கு பாதுகாப்பு இருக்கும்போது எதற்காக விரிசல் விட வேண்டும்? என் கணக்கில் எதைச் சேர்க்கவில்லை? ஆனித் தேரோட்டத்துக்குள் விலை சொல்ல வேண்டும் என்று சித்தப்பா அவசரப்படுத்துகிறார்.

---

நாங்குநேரி_மெஷ் (சென்னை) பதில்:

கூட்டல் பெருக்கலில் தவறு இல்லை. ஆனால் அது ஒரே ஒரு ஃபினின் நடுப்பகுதிக்கான சராசரி. ஃபினும் தகடும் சேரும் மூலையில் தகைவு அதைவிடப் பல மடங்கு இருக்கும். எவ்வளவு என்பது பிரேசிங் கலவை அங்கே எந்த வளைவில் உறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முழுக் கோரையும் கணினியில் ஃபின் ஃபினாக வரைந்து தீர்க்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். கணக்குக்காகப் பிரிக்கும் சிறு கூறுகள் கோடிக்கணக்கில் வந்து கணினி படுத்துவிடும். வழக்கமான வழி இது: ஒரு ஃபின், அதன் மேலும் கீழும் பாதித் தகடு என்று மீண்டும் மீண்டும் வரும் மிகச் சிறிய அலகை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று திசைகளிலும் அதை இழுத்தும் நறுக்கியும் பார்த்து, அதே விறைப்பும் அதே க்ரீப் வேகமும் உள்ள ஒரு திடப்பொருளாகக் கோரைக் கருத வேண்டும். திசைக்குத் திசை அதன் குணம் மாறும். ஃபின் ஓடும் திசையில் விறைப்பாகவும் குறுக்கே தொளதொளவென்றும் இருக்கும். வெப்பநிலைப் பரவலை இந்தப் போலித் திடப்பொருளில் ஏற்றித் தீர்த்துவிட்டு, மோசமான இடம் எதுவென்று கண்டுபிடித்து, அந்த இடத்தின் திரிபை (எவ்வளவு உருமாறியது என்பதை) மட்டும் மறுபடி சிறிய அலகுக்குள் கொண்டுவந்து மூலையைப் பார்க்க வேண்டும்.

ஒரு சந்தேகம். தகடு-ஃபின் என்றால் அலுமினியம்தானே நம் பக்கம் அதிகம் புழங்குகிறது? இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி இருக்கும் மாவட்டம் ஆயிற்றே, திரவ ஆக்சிஜன் குளிரில் அலுமினியம் இன்னும் வலுவாகத்தானே ஆகும்?

---

கல்லிடை_உலோகம் (கல்லிடைக்குறிச்சி) பதில்:

நாங்குநேரிக்காரர் சொன்ன முறை சரி. அலுமினியக் கேள்விக்கு ஒரே வரி: −183 டிகிரியில் அலுமினியம் ராஜா. பிரேசிங் செய்த அலுமினியக் கோர்களின் வழக்கமான வடிவமைப்பு உச்சமோ 65 டிகிரி. 620-இல் அதன் பேச்சே வேண்டாம், உருகுவதற்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

இப்போது பேட்டைத் தம்பிக்கு. நீங்கள் அழுத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே இருக்கும் பயப்பட வேண்டிய வரி வேறு: "பகலில் மட்டும் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள்." 40,000 மணி நேரத்தை நாளுக்குப் பத்து மணி என்று பிரித்தால் 4,000 முறை சூடேறி 4,000 முறை ஆறும். இந்தக் கோரின் ஆயுளைத் தீர்மானிக்கப்போவது அதுதான். 4 பார் காற்று இரண்டாம் பட்சம்.

கல்பாக்கத்தில் க்ரீப் சோதனைக் கூடத்தில்தான் என் வேலைக்காலம் போயிற்று. ஒரு கம்பியை உலைக்குள் நிறுத்தி, நெம்புகோலின் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீள்கிறது என்று மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்போம். வெப்பநிலை ஓரிரு டிகிரி நகர்ந்தால் உலைப் பொறுப்பாளருக்குத் தூக்கம் போய்விடும். அந்தப் பதற்றம் ஏன் என்பதை உங்கள் எண்களிலேயே காட்டுகிறேன்.

லார்சனும் மில்லரும் 1952-இல் வெளியிட்ட ஒரு சமன்பாடு இருக்கிறது. கெல்வின் வெப்பநிலையை, 20-உடன் முறிவு நேரத்தின் (மணியில்) பத்தடிமான மடக்கையைக் கூட்டிவரும் எண்ணால் பெருக்கினால், ஒரே தகைவுக்கு எப்போதும் ஒரே விடை வரும். 620 டிகிரி என்பது 893 கெல்வின். 40,000 மணி நேரத்துக்கு விடை ஏறக்குறைய 21,970. அதே தகைவில் 630 டிகிரியானால் ஆயுள் 21,000 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. 640 ஆனால் 11,500. பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி. உங்களுக்கு வந்த 620 என்பது எங்கே அளந்தது? குழாயின் நடுவில் ஒரு தெர்மோகப்பிள் என்றால் அது ஓர் இடத்தின் வெப்பநிலை மட்டுமே. டர்பைனிலிருந்து வரும் புகை கோரின் முகம் முழுவதும் ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் நுழையாது. ஒரு மூலை 640-இல் இருந்தால் கோரின் ஆயுள் அந்த மூலையின் ஆயுள்தான்.

கூடங்குளத்தில் இந்தத் தலைவலி இல்லையே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அங்கே அணுவுலையிலிருந்து வெளிவரும் நீர் 321 டிகிரிதான். 304 போன்ற எஃகு க்ரீப்பை உணரத் தொடங்குவது 400 டிகிரியைத் தாண்டித்தான். கெல்வினில் பார்த்தால் உருகுநிலையில் பத்தில் நான்கு பங்கு. நீங்கள் அதற்கு இருநூறு டிகிரிக்கு மேலே நிற்கிறீர்கள்.

இனி அந்த 53 மெகாபாஸ்கல். அட்டவணை எப்படி உருவாகிறது தெரியுமா? க்ரீப் ஆளும் வெப்பநிலைகளில், ஒரு லட்சம் மணி நேரத்தில் முறிக்கும் சராசரித் தகைவில் 67 விழுக்காடு, குறைந்தபட்ச முறிவுத் தகைவில் 80 விழுக்காடு, ஆயிரம் மணிக்கு 0.01 விழுக்காடு நீட்டும் தகைவு என்ற மூன்றில் எது சிறியதோ அது. இவை அனைத்தும் தடித்த தகடு, கம்பி, குழாய் ஆகியவற்றைச் சோதித்து வந்த எண்கள். உங்கள் ஃபின் 0.15 மி.மீ. பிரேசிங் உலையில் 1,050 டிகிரிக்கு மேல் போய்வந்த பிறகு உலோகத்தின் படிகத் துகள்கள் வளர்ந்துவிடும். தடிமனுக்குக் குறுக்கே விரல் விட்டு எண்ணக்கூடிய துகள்கள்தான் மிஞ்சும். க்ரீப் விரிசல் துகள்களின் எல்லையில்தான் பிறக்கிறது. தடித்த கம்பியில் ஓர் எல்லை திறந்துகொண்டால் சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான துகள்கள் தாங்கிக்கொள்ளும். உங்கள் ஃபினில் ஓர் எல்லை திறந்தால் தடிமனில் பெரும் பங்கு போய்விட்டது என்று பொருள்.

இன்னொன்று, இதை முதலில் செய்யுங்கள்: தகட்டோடு வந்த மில் சான்றிதழை எடுத்துக் கார்பன் எவ்வளவு என்று பாருங்கள். அட்டவணையின் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. 538 டிகிரிக்கு மேல் அந்த எண்கள் கார்பன் 0.04 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்ள எஃகுக்கு மட்டுமே செல்லும். சந்தையில் கிடைக்கும் 304-இல் பெரும்பகுதி 304L-ஆகவும் சேர்த்துச் சான்று பெற்றது, கார்பன் 0.03-ஐத் தாண்டாது. வெல்டிங்குக்கு அது நல்லது. உங்கள் வேலைக்கு ஆகாது.

அடுத்து, நிறுத்தி ஓட்டும் விஷயம். கோரின் ஓரத்தை மூட 6 மி.மீ. பட்டை வைப்பீர்கள், உள்ளே 0.15 மி.மீ. ஃபின். காலையில் டர்பைனைக் கிளப்பியதும் ஃபின் சில நொடிகளில் சூடாகிவிடும், பட்டை நிதானமாக வரும். இடையில் 50 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். முழுவதும் கட்டுண்ட நிலையில் விரிவுக் கெழு, மீள்மைக் குணகம், 50 மூன்றையும் பெருக்கினால் 135 மெகாபாஸ்கல் வருகிறது. உலையில் நன்றாக வெந்து மென்மையான 304, 600 டிகிரியில் நெகிழத் தொடங்குவது 100 மெகாபாஸ்கல் அளவில். உங்கள் 3.6 எங்கே, இது எங்கே! நிஜத்தில் கோர் கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் முழு 135-உம் வராது. ஆனால் வளைந்துகொடுக்கும் இடம் எது? ஃபினின் அடி, அந்தப் பிரேசிங் மூலை.

பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் க்ரீப்பின் சூழ்ச்சி. பகல் முழுவதும் 620-இல் ஓடும்போது, சூட்டு வித்தியாசத்தால் மிச்சமிருக்கும் தகைவு தானாகவே தளர்ந்து இறங்கும். பார்ப்பதற்கு நல்லதுபோலத் தோன்றும். உண்மையில் மீள்திரிபு நிரந்தரத் திரிபாக மாறிவிட்டது. மாலையில் ஆறும்போது அதே இடம் எதிர்த்திசையில் இழுபடும். மறுநாள் காலையில் மீண்டும் முதலிலிருந்து. மாறிமாறி இழுபடுவதால் வரும் களைப்புச் சேதமும் க்ரீப் சேதமும் தனித்தனியே இருந்தால் தாங்கும் எஃகு, இரண்டும் சேர்ந்தால் தாங்காது. அணுவுலை விதிநூலில் 304-க்கும் 316-க்கும் இதற்கான வரைபடத்தின் முறிபுள்ளி 0.3, 0.3 என்று இருக்கிறது. களைப்பில் 30 விழுக்காட்டைச் செலவழித்துவிட்டால் க்ரீப்புக்கும் 30 விழுக்காடுதான் மிச்சம். மீதி நாற்பதை இரண்டும் கூட்டுச் சேர்ந்து தின்றுவிடுகின்றன. 9 குரோமியம் எஃகுக்கு அந்தப் புள்ளி 0.1, 0.01; அவ்வளவு கொடுமை.

ஆகவே வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை நிமிடத்தில் சூடேற்றுவார்கள், எப்படி நிறுத்துவார்கள் என்பது. எரிவாயுவை வெட்டிவிட்டுக் குளிர்ந்த காற்றை அப்படியே ஊதவிடுவார்கள் என்றால் விலை சொல்லவே வேண்டாம்.

---

பேட்டை_பட்டறை பதில்:

அண்ணாச்சி, மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓரப் பட்டையை 6 மி.மீட்டரிலிருந்து 3 ஆகக் குறைத்தால் சூட்டு வித்தியாசம் குறையும் அல்லவா? 4 பாருக்கு 3 மி.மீ. போதும் என்றுதான் கணக்கில் வருகிறது.

---

கல்லிடை_உலோகம் பதில்:

அண்ணாச்சி இல்லை தம்பி, அக்கா. பரவாயில்லை, கல்பாக்கத்திலும் தொலைபேசியில் பலர் "சார்" என்றுதான் தொடங்குவார்கள்.

குறையுங்கள், நல்ல யோசனை. ஒன்றை வலுவாக்க வேண்டும் என்று தடிமனைக் கூட்டுவது நம் பட்டறைகளில் கைப்பழக்கம். இங்கே தடிமன் எதிரி. காற்று நுழையும் தலைப்பெட்டியைக் கோரோடு வெல்டிங் செய்யும் இடத்திலும் இதே பார்வையோடு பாருங்கள். கோரை நாலு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கிவிடாதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் நிலையாகப் பிடித்து, மற்ற பக்கங்கள் நகர இடம் விடுங்கள். குழாய்களில் சுருங்கி விரியும் பெல்லோஸ் வையுங்கள்.

---

களக்காட்டு_உலைக்காரன் (ஓசூர்) பதில்:

ஊர்க்காரர்கள் கூடியிருப்பதைப் பார்த்து உள்ளே வந்தேன். நான் வெற்றிட பிரேசிங் உலை ஓட்டுகிறவன். அக்கா எஃகின் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் கலவையின் பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு எல்லாரும் முதலில் கேட்பது பி.என்.ஐ-2 எனும் நிக்கல் கலவை. குரோமியம் 7, போரான் 3, சிலிக்கான் 4.5, இரும்பு 3 விழுக்காடு, மீதி நிக்கல். 970-இல் இளகத் தொடங்கி 1,000 டிகிரியில் தண்ணீராகிவிடும். அருமையாக ஓடும், பிடிக்கும். ஆனால் உருகுநிலையைக் குறைக்கச் சேர்த்த போரானும் சிலிக்கானும்தான் பின்னால் பகையாகின்றன. இடைவெளி 0.05 மி.மீ.க்குள் இருந்தால் போரான் பக்கத்து எஃகுக்குள் ஊறிப் போய்விடும், இணைப்பு உலையிலேயே உறைந்து வளையக்கூடியதாக நிற்கும். இடைவெளி அதற்கு மேல் போனால் நடுவில் கண்ணாடிபோல் நொறுங்கும் போரைடு (போரான் சேர்மம்) வரிசை ஒன்று தங்கிவிடும். காலை மாலை இழுபடும் மூலையில் அது இருந்தால் விரிசலுக்கு வேறு அழைப்பு வேண்டாம்.

அப்படியானால் உலையில் நீண்ட நேரம் வைத்துப் போரானை முழுவதும் ஊறவிடலாமே என்று கேட்பீர்கள். உங்கள் ஃபின் 0.15 மி.மீ. உருகிய கலவை அதை அரிக்கும். கலவையைப் பசையாக அள்ளிப் பூசினால் சில இடங்களில் ஃபினே ஓட்டையாகி வெளிவருவதைப் பார்த்திருக்கிறேன். பசையை விட்டுவிட்டு மெல்லிய கலவைத் தகடாக வாங்கி விரியுங்கள், அளவு கட்டுக்குள் இருக்கும். இல்லையென்றால் போரானே இல்லாத பி.என்.ஐ-5 இருக்கிறது: குரோமியம் 19, சிலிக்கான் 10. அணுவுலை வேலைகளுக்கு அதைக் கேட்பார்கள், ஏனென்றால் போரான் நியூட்ரானை விழுங்கும். அரிப்பும் குறைவு. ஆனால் 1,135 டிகிரியில்தான் முழுவதும் உருகும். ஆகவே உலை 1,150-க்கு மேல் போக வேண்டும், அக்கா சொன்ன துகள் வளர்ச்சி இன்னும் கூடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் கையில் இருப்பது ஒன்று. ஃபினின் உயரமும் ஓரப் பட்டையின் உயரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பட்டை 0.1 மி.மீ. உயரமாக இருந்துவிட்டால் ஃபின் தகட்டைத் தொடாது. உலையில் மேலே எவ்வளவு எடை வைத்தாலும் பட்டைதான் தாங்கிக்கொள்ளும், ஃபின் அந்தரத்தில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கசிவுச் சோதனையிலும் தெரியாது, ஏனென்றால் கசிவதற்கு அங்கே வழி இல்லை. ஃபின் மடிக்கும் அச்சை யார் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கல்லிடை_உலோகம் பதில்:

களக்காட்டுத் தம்பி சொன்ன ஒட்டாத ஃபின்னுக்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன், சித்தப்பாவிடம் காட்ட உதவும். ஒரு ஃபின் பிடிக்காமல் போனால் அதன் சுமையைப் பக்கத்து ஃபின்கள் இரண்டும் பாதி பாதியாக வாங்குகின்றன. தகைவு ஒன்றரை மடங்கு, அதாவது 5.4. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் க்ரீப் வேகம் தகைவின் அடுக்காக ஏறும். அடுக்கு 7 என்று வைத்தால் ஒன்றரையின் ஏழாம் அடுக்கு 17. அந்த ஃபின்கள் பதினேழு மடங்கு வேகமாக நீளும். நடுத்தகடு தாண்டும் தூரம் 1.35-இலிருந்து 2.85 ஆகிறது, அதன் வளைவுத் தகைவு நாலரை மடங்காகிறது. பக்கத்தில் இரண்டாவது ஃபினும் பிடிக்கவில்லை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பதினைந்து மடங்கு இப்படித்தான் கரைகிறது.

---

நாங்குநேரி_மெஷ் பதில்:

அப்படியென்றால் என் போலித் திடப்பொருள் மாதிரி எல்லா ஃபினும் ஒட்டியிருப்பதாக எடுத்துக்கொள்வது தப்பாகப் போகும். நூற்றுக்கு இத்தனை ஒட்டவில்லை என்று ஒரு காரணியைச் சேர்த்தால் போதுமா அக்கா?

---

கல்லிடை_உலோகம் பதில்:

விறைப்புக்குப் போதும். முறிவுக்குப் போதாது. ஒட்டாத ஃபின்கள் கோர் முழுக்கச் சிதறியிருப்பதும் ஒரே இடத்தில் வரிசையாக இருப்பதும் ஒன்றல்ல. உயர வித்தியாசத்தால் வருவது எப்போதும் வரிசையாகத்தான் வரும், அதுவும் ஓரப் பட்டையை ஒட்டியே வரும். வெப்பத் தகைவு மிகுந்த இடமும் அதுதான்.

---

பேட்டை_பட்டறை பதில்:

சான்றிதழைத் தேடி எடுத்தேன். கார்பன் 0.021. சித்தப்பாவிடம் காட்டினேன், "நல்ல தகடு என்றுதானே விலை கூட்டி வாங்கினோம்" என்கிறார்.

வாடிக்கையாளரிடமும் பேசினேன். சூடேற்றும் நேரத்தை இனிமேல்தான் முடிவு செய்யப்போகிறார்களாம். நிறுத்தும்போது டர்பைன் தாங்கிகளைக் குளிர்விக்கச் சில நிமிடம் எரிவாயு இல்லாமல் சுழலவிடுவார்களாம், அந்தக் காற்று முழுவதும் கோர் வழியாகத்தான் போகும்.

இப்போது என்ன விலை சொல்வது, எதற்கு விலை சொல்வது?

---

கல்லிடை_உலோகம் பதில்:

முழுக் கோருக்கு விலை சொல்லாதீர்கள். மூன்றடுக்கு மாதிரித் துண்டுகளுக்கு மட்டும் சொல்லுங்கள். களக்காட்டுத் தம்பியின் உலையிலோ வேறெங்கோ, அசல் கோருக்குத் திட்டமிட்ட அதே கலவை, அதே வெப்பநிலை, அதே நேரத்தில் பிரேசிங் செய்யுங்கள். சிலவற்றைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் மூலையையும் போரைடு வரிசையையும் பாருங்கள். சிலவற்றை ஃபின் திசையில் இழுக்கும் க்ரீப் சோதனைக்கு அனுப்புங்கள். அதே தகைவை வைத்து 682 டிகிரியில் ஆயிரம் மணி நேரம் தாங்கினால், லார்சன்-மில்லர் கணக்குப்படி 620-இல் 40,000-க்குச் சமம். சமன்பாட்டின் அந்த 20, முழு எஃகுக்குப் பழகிய எண். பிரேசிங் இணைப்புக்கு அது அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆகவே ஒரே வெப்பநிலையில் சோதித்துவிட்டு நிறுத்தாமல், 650, 680, 710 என்று மூன்றில் சோதித்தால் உங்கள் இணைப்புக்கு உரிய எண்ணே கிடைத்துவிடும். இது அழுத்தப் பக்கத்துக்கு மட்டும். சூடேற்றி ஆற்றும் சோதனையைக் கோரின் ஒரு மூலையை அசல் பட்டையோடு செய்துதான் பார்க்க முடியும். செலவை வாடிக்கையாளர் ஏற்கட்டும், கேள்வி அவர்களுடையது. நிறுத்தும்போது வரும் அந்தக் குளிர்காற்றுக்கு, கோரைச் சுற்றிப்போகும் ஒரு கிளைக்குழாயும் வால்வும் வைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். சம்மதித்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

தகட்டைப் பொறுத்தவரை, கார்பன் கூடிய 304H இவ்வளவு மெல்லியதாகக் கிடைப்பது கடினம். நியோபியம் சேர்த்த 347 கேட்டுப் பாருங்கள். சிறிய டர்பைன் ரெக்குபரேட்டர்களில் நெடுநாளாகப் புழங்கும் எஃகு அது, மெல்லிய சுருளாகவும் வரும். அதிலும் கார்பன் 0.04-க்குக் குறையக் கூடாது என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள்.

---

களக்காட்டு_உலைக்காரன் பதில்:

மாதிரித் துண்டுகளை அனுப்புவதாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, காற்றுப் புகாத உறையில் போட்டு அனுப்புங்கள். சாரல் காலத்தில் ஈரத்தோடு வந்த கோரை வெற்றிடத்துக்குள் ஏற்றினால் பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும், மேற்பரப்பு கறுத்துப்போகும், கலவை ஓடாது. பட்டை, ஃபின் இரண்டின் உயரத்தையும் பத்துப் பத்து இடங்களில் மைக்ரோமீட்டரில் அளந்து அந்தத் தாளையும் உள்ளே வையுங்கள். தாள் இல்லாமல் வந்தால் உலையில் ஏற்ற மாட்டேன்.